இரண்டாம் தொகுதிப் பெரியோர்

பெயர் ககர வரிசையில் தொடங்கும் அனைவருடைய காலடியிலும் கருங்கல் பீடம் முளைத்த அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில், பூவந்திக்கரை பேரூராட்சியில் ஒருவரும் வியந்ததாகத் தெரியவில்லை. இதற்கு இத்தனை ஆண்டுகளா என்று சலித்துக்கொண்டவர்களே மிகுதி. தேநீர்க்கடைக் கோவிந்தசாமி பாலை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது நான்கடி உயர்ந்திருந்தார். உயர்ந்தவர் தொழிலை நிறுத்தவில்லை. அங்கிருந்தே தேநீரை ஆற்றினார். அத்தனை உயரத்திலிருந்து விழுந்த தேநீரில் அதுவரை அவ்வூர் காணாத நுரை எழுந்து நிற்க, குடித்தவர்கள் பீடத்தைப் பற்றிப் பேசாமல் நுரையைப் பற்றியே பேசினார்கள்.

வியப்பின்மைக்குக் காரணம் இருந்தது. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்னர், அப்போது பேரூராட்சித் தலைவராக இருந்த கார்மேகனார், உலக வரலாற்றை மாற்றிய பெரியோரின் வாழ்க்கையை எழுத்து வரிசையில் தொகுத்த பன்னிரண்டு தொகுதிகளை விலைக்கு வாங்கி, அவற்றை ஊர்க் கிளை நூலகத்துக்கு நன்கொடையாக அறிவித்தார். ஒரே மேடையில் பன்னிரண்டையும் கொடுத்துவிட்டால் ஒரே ஒரு புகைப்படம்தான் கிடைக்கும் என்பதை உணரும் அளவுக்கு அவர் பொதுவாழ்வில் தேர்ந்தவர். ஆகவே தொகுதிக்கு ஒரு விழா என்று தீர்மானித்து, முதல் விழாவில் முதல் தொகுதியைக் கொடுக்காமல், தம் பெயரின் முதலெழுத்துக்குரிய இரண்டாம் தொகுதியைக் கொடுத்தார். அடுத்த விழாவுக்கு அமைச்சர் ஒருவர் வருவதாக இருந்தது. அமைச்சர் வருவதற்குள் ஆட்சி போயிற்று. ஆட்சி திரும்பி வருவதற்குள் கார்மேகனாரின் பதவி போயிற்று. மீதிப் பதினொரு தொகுதிகளும் அவர் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், வந்த தாள் பிரிக்கப்படாமல் பூட்டுக்குள் இருந்தன.

இவ்வாறாக, பூவந்திக்கரை அறிந்த உலக வரலாறு கன்பூசியஸில் பிறந்து, கனிஷ்கரிடம் வளர்ந்து, கிளியோபாட்ராவிடம் அழகு பெற்று, கூட்டன்பர்க்கிடம் அச்சேறி, கொலம்பஸுடன் கப்பலேறி, கோப்பர்னிக்கஸ், கெப்ளர், கலீலியோ ஆகியோர் தோளில் வானத்தைத் தொட்டு, காரல் மார்க்ஸ் வழியாகக் காந்தியடிகளிடம் வந்து நிறைவுற்றது. இடையில் வேறு எவரும் வாழ்ந்ததற்குச் சான்று நூலகத்தில் இல்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்த மாணவி ஒருத்தி, புவியீர்ப்பைப் பற்றிய வினாவுக்கு நியூட்டன் என்று விடையெழுதி மதிப்பெண் இழந்தாள். தொகுதியை நான்கு முறை புரட்டிப் பார்த்த பிறகுதான் ஆசிரியர் சுழித்தார் என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. புத்தரை ஊரார் நாட்காட்டியில் பார்த்ததுண்டு. நல்ல மனிதர் போலும் என்ற அளவில் விட்டுவிட்டார்கள்.

பெரியோர் அனைவரும் ககரத்தில் பிறந்திருக்கும்போது பிள்ளைகளுக்கு வேறெழுத்தில் பெயரிடுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அல்லவா? எனவே பிறந்த முப்பதாம் நாள் குழந்தையை நூலகத்துக்குக் கொண்டுவந்து, அதன் கட்டைவிரலை இரண்டாம் தொகுதியின் அட்டையில் அழுத்தி, ககரத்தில் பெயரிடும் வழக்கம் ஊரில் உண்டாயிற்று. பதினொரு ஆண்டுகளாக அந்தத் தொகுதியைத் துடைத்துப் பட்டுத்துணி விரித்து எடுத்துக் கொடுப்பவள் மூன்றாம் நிலை நூலகர் செண்பகவடிவு.

முதுகில் இரண்டு என்ற எண் பொறித்த நூலுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பணியில் சேர்ந்த ஆண்டே கார்மேகனாருக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதினாள். "விழா ஏற்பாட்டில் உள்ளது" என்று மறுமொழி வந்தது. இதுவரை ஒன்பது கடிதங்கள், ஒன்பது மறுமொழிகள். இரண்டையும் தேதி வரிசையில் கோப்பில் வைத்திருந்தாள். கடிதம் எழுதியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. தன் மகள் பிறந்த முப்பதாம் நாள் ஊரார் சூழ்ந்து நிற்க, அந்தச் சிறு கட்டைவிரலையும் அதே அட்டையில் அழுத்தி, கயல்விழி என்று பெயரிட்டாள். ஒழுங்கான பெண், வரிசையை மீறி அவளுக்குப் பழக்கமில்லை.

கயல்விழிக்கு இப்போது ஏழு வயது. தெருவில் அவளை ஓடிப் பிடித்தவர் எவருமில்லை.

பீடங்களை ஊர் ஏற்றுக்கொண்ட விதம் பாராட்டத்தக்கது. வீட்டு நிலைகளை உயர்த்த முடியாதவர்கள் கூரையைத் திறந்துவிட்டார்கள். பீடத்தில் நிற்பவர் நடந்தால் பீடமும் அரைபடும் ஓசையுடன், பாரமேற்றிய மாட்டுவண்டியைக் காட்டிலும் மெதுவாக நகர்ந்தது; படுத்தால் கட்டில் அளவுக்கு நீண்டு கொடுத்தது; அந்த அளவுக்குக் கல்லுக்கும் இரக்கமிருந்தது. ஏணி வாடகைக்கு விடும் மாரியப்பன், பீடம் கிடைக்காத குறையை மூன்றே வாரத்தில் மறந்தார். கமலவேணியின் திருமணத்தில் மாப்பிள்ளை சேதுராமன் ஏணியேறித் தாலி கட்டினான், மூன்றாவது முடிச்சைப் போடுகையில் ஏணி ஆட, "கீழயே விழுந்தாலும் முடிச்சை விட்டுடாதடா!" என்று அவனுடைய மாமன் கத்தினார். மிதிவண்டித் திருட்டில் மூன்று முறை சிறை சென்ற கதிர்வேலுக்கும் பீடம் முளைத்தது குறித்துச் சிலர் முணுமுணுத்தார்கள். நகரங்களைக் கொளுத்தியவர்களுக்கே தொகுதியில் படத்துடன் இடமிருக்கும்போது மூன்று மிதிவண்டிகள் எம்மாத்திரம் என்று மற்றவர்கள் அடக்கினார்கள். பாக்கியத்தம்மாள் அரசிதழில் விளம்பரம் கொடுத்துக் காவேரியம்மாள் ஆனார். நாற்பது நாள் வாசலில் நின்று பார்த்தும் கால் தரையிலேயே இருந்தது. கல்லுக்கு அரசிதழ் படிக்கும் வழக்கமில்லை.

காக்கைகளுக்கும் வசதியாயிற்று. அசையாமல் நிற்கும் தலைகள் அவற்றுக்குப் புதியன அல்ல.

கயல்விழிக்கு மட்டும் எதுவும் பிடிக்கவில்லை.

"அம்மா, இறக்கி விடும்மா. இன்னிக்குக் கிளித்தட்டு. நான் இல்லன்னா எங்க கட்சில ஆளு கொறையுது."

செண்பகவடிவு தூக்கிப் பார்த்தாள்; மகளோடு பீடமும் எழுந்தது; எந்தத் தாயும் கருங்கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டதில்லை. குதிக்கச் சொன்னாள். கயல்விழி குதித்தாள், நான்கடி விழுவதற்குள் கல் சாவகாசமாக நகர்ந்து வந்து, அவள் பாதத்துக்கு அடியில் தயாராக நின்றது. பதினேழு முறை குதித்தாள். பதினேழு முறையும் கல்லே முந்திற்று.

"எல்லாரும் என் காலைத்தாம்மா பாக்கறாங்க," என்றாள் குழந்தை. "வள்ளிகூட. நேத்து எனக்கு மாலை போட்டுட்டுப் போயிட்டா. வெளையாட வரியான்னு கேக்கவே இல்ல."

கணவன் தவமணி, ஊரின் ஒரே ஒலிபெருக்கி நிலையத்தை நடத்துபவன், மகளின் பீடத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். "நல்ல கல்லு. நம்ம வீட்டுக்கு அஸ்திவாரமே இந்த அளவுக்குப் போடலியே செம்பா."

"சிரிக்காதீங்க. வெள்ளிக்கிழமை கூண்டு மாட்டறாங்களாம்."

அதுதான் செய்தி. பெரியோர் எங்கிருந்தாலும் அவர்களைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துக் காப்பது நாட்டு வழக்கம். பூவந்திக்கரை மட்டும் அதற்கு விலக்காக முடியாது. பீடங்கள் அனைத்துக்கும் பூட்டுடன் கூடிய கூண்டு பொருத்துவதென்றும், பாதுகாப்புக் கருதிச் சிறுவர் சிறுமியரிடமிருந்து தொடங்குவதென்றும், சாவிகள் செயல் அலுவலரின் மேசையில் இருக்குமென்றும், பிறந்தநாள்தோறும் மாலையிடுவதற்காகத் திறக்கப்படுமென்றும் பேரூராட்சி மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. வெள்ளிக்கு மூன்று நாள்களே இருந்தன.

அன்று மாலை செண்பகவடிவு கோப்பிலிருந்த ஒன்பது கடிதங்களையும் எடுத்துப் படித்தாள். ஒரு தொகுதி ஏற்றிவைத்ததை மீதித் தொகுதிகள் இறக்கிவைக்கலாம். இதற்கு ஆதாரம் ஏதுமில்லை. ஆயினும் வரிசை நிறைவு பெறாத நூலகத்தில் எதுவும் தன் இடத்தில் நில்லாது என்பதே அவளுக்குக் கற்பித்த முதல் பாடம். பத்தாவது கடிதத்தை எழுதத் தொடங்கி, பாதியில் மூடிவைத்துவிட்டு, நேரிலேயே போனாள்.

கார்மேகனார் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். ஓடுகள் அகற்றப்பட்ட கூரை வழியாக வெளிச்சம் அவர் தலைமீது மட்டும் விழுமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"என்னம்மா, மாலை கொண்டாரலியா?"

"தொகுதிகளைக் கேட்டு வந்திருக்கேன் ஐயா. மீதிப் பதினொண்ணு."

"அதுக்கென்ன அவசரம்? இருக்கறது ஒண்ணு. அதுலயே ஊரு இந்த ஒசரத்துக்கு வந்துருச்சு பாரு." தம் பீடத்தைக் கண்ணால் காட்டினார். "மத்ததுல என்ன பெரிசா இருந்துறப் போவுது? கானா இல்லாத ஆளுங்க."

"நீங்க திறந்து பார்த்ததில்லையா ஐயா?"

"விழா இல்லாம எப்படிம்மா பிரிக்கறது?"

அந்தக் கேள்வியில் கபடமே இல்லை. செண்பகவடிவு தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கெஞ்சவேண்டும் என்று வழிநெடுகச் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தவள், அத்தனையையும் கீழே வைத்தாள்.

"அதத்தான் சொல்ல வந்தேன். வெள்ளிக்கிழமை காலையில கூண்டு விழாவுக்கு ஊரே கூடுது. அதே மேடையில தொகுதி விழாவும் வெச்சுக்கலாம். பதினொரு தொகுதிக்கும் பதினொரு தடவை பொன்னாடை, பதினொரு போட்டோ. மைக் செட்டு எங்க வீட்டுக்காரர் இனாமாவே போடறேங்கறார்."

முப்பத்தொரு ஆண்டுகளாகத் தள்ளிப்போன விழாக்கள் கார்மேகனாரின் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன.

"பத்தே குடுக்கறேன்," என்றார். "கடைசி ஒண்ணு என் பவள விழாவுக்கு இருக்கட்டும். மனுசனுக்கு ஒரு பிடிப்பு வேணும்ல?"

வெள்ளிக்கிழமை காலை பேருந்து நிலையத் திடலில் ஊர் கூடியது. ககரத்தார் முந்தின நாளே புறப்பட்டு வந்து சேர்ந்து, வரிசையாக நின்றார்கள். மேடையின் இடப்பக்கத்தில், புதுச் சாயம் மணக்கும் கூண்டுகள் டிராக்டரில் அடுக்கப்பட்டிருந்தன. மேலே இருந்தது மிகச் சிறியது. கயல்விழி அதைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. செண்பகவடிவுக்கு அந்தக் கேளாமைதான் தாங்கவில்லை.

பத்துத் தொகுதிகளும் பத்துப் பொன்னாடைகளுடன் கை மாறின. கார்மேகனாருக்குப் பொன்னாடை போர்த்த மாரியப்பனின் ஏணி பத்துமுறை ஏறி இறங்கியது. பத்தாவது புகைப்படம் முடிந்ததும், செண்பகவடிவு ஒலிவாங்கியின் முன்னால் நின்று, நன்கொடை நூல்களில் உள்ள பெரியோரின் பெயர்ப்பட்டியலை மக்கள் முன்னிலையில் உரக்க வாசித்துச் சரிபார்த்த பின்னரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று நூலக விதி கூறுவதாக அறிவித்தாள். அப்படி ஒரு விதி இல்லை. அவள் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது. ஆதலால் நிறுத்தற்குறிகள்கூடப் பிசகாமல் சொன்னாள்.

முதல் தொகுதியின் தாளைப் பிரித்தாள். முப்பத்தொரு ஆண்டு மணம் எழுந்தது.

"அசோகர்," என்று வாசித்தாள். "அம்பேத்கர். அரிஸ்டாட்டில்."

ஒன்றும் நேரவில்லை. கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். "அலெக்சாண்டர்," என்று வாசித்தாள், "ஆபிரகாம் லிங்கன், ஆர்க்கிமிடீஸ், ஐன்ஸ்டைன்," என்று வாசித்துக்கொண்டே போனாள். எழுத்து வரிசையில், எந்தப் பெயரையும் விடாமல், எந்தப் பெயரையும் உயர்த்தாமல் தாழ்த்தாமல், ஒரே குரலில். தேநீர்க்கடைக் கோவிந்தசாமிதான் முதலில் கண்டார். எதிரே நின்றிருந்த மாரியப்பனின் வழுக்கை உச்சியைப் பார்த்துப் பழகியவருக்கு, திடீரென்று அவருடைய நெற்றி தெரிந்தது.

"யோவ் மாரி, நீ ஒசந்துட்டியா?"

"நான் நின்ன எடத்துலதான்யா நிக்கறேன். நீதான் எறங்கற."

அதன்பின் ஊர் கண்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நெல்மணி அளவு, ஒவ்வொரு பீடமும் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சந்திரகுப்த மௌரியருக்கு ஒரு நெல். சாக்ரடீஸுக்கு ஒரு நெல். தொகுதி மாறியது, டார்வினுக்கு ஒரு நெல், தொகுதி மாறியது, நியூட்டன் பெயர் வந்தபோது, கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட அந்தப் பழைய மாணவி, "அப்பவே சொன்னேன்ல!" என்று கூவினாள், சுழித்த ஆசிரியர் குமாரசாமி, ஓய்வுபெற்று ஓராண்டாகியும் பீடத்தில் நிமிர்ந்தே நின்றவர், அந்த ஒரு பெயருக்கு மட்டும் இரண்டு நெல் இறங்கியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"நிறுத்தும்மா!" என்று கதிர்வேல் கத்தினான். "என்னைப் பிடிச்சுருவாங்க!"

"யாரு இவங்கள்லாம்? எங்கேருந்து வராங்க? நம்ம ஊரு நூலகத்துல இவங்களுக்கு என்ன வேலை?" என்று கமலவேணியின் தந்தை முழங்கினார். கமலவேணியோ, கணவனின் முகம் தன் முகத்தை நோக்கி மெல்ல ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் தவமணி! மைக்கை நிறுத்துடா!" கார்மேகனாரின் குரல் உடைந்தது.

"சுவிட்சு உங்க பீடத்துக்கிட்டதான் இருக்குங்க ஐயா," என்றான் தவமணி, மேடையின் மறுகோடியிலிருந்து, கைகட்டி. "கொஞ்சம் குனிஞ்சு அமுக்குனீங்கன்னா ஆச்சு."

பதினோராம் பொன்னாடைக்கு இடமின்றிப் பத்துப் பொன்னாடைகள் சுற்றிய கார்மேகனாரால் குனிய முடியவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாகக் குனிந்து பழக்கமும் இல்லை.

புத்தருக்கு ஒரு நெல் இறங்கிற்று. நாட்காட்டியில் இருப்பவரா என்று சிலர் வியந்தார்கள். மண்டேலா, மேரி கியூரி. யூக்ளிட். லியொனார்டோ, லெனின். வால்டேர், வாஷிங்டன். பத்தாவதாகப் பிரித்த தொகுதியின் கடைசிப் பெயரை வாசித்து முடித்தபோது செண்பகவடிவின் தொண்டை வறண்டிருந்தது. நான்கடிப் பீடங்கள் எல்லாம் ஒரு விரல் உயரத்தில் நின்றிருந்தன. அதற்குமேல் இறங்கவில்லை. ஒரு விரலுக்குரிய பெயர்கள் கண்ணாடி அலமாரியில், பவள விழாவுக்காகக் காத்திருந்தன.

அவள் அதை எண்ணவில்லை. பத்துக்குள் அடங்கிவிடும் என்று நம்பியிருந்தாள். மகளின் கால் இன்னும் கல்லின் மேல்தான் இருந்தது.

கார்மேகனாருக்கு உயிர் வந்தது. "பாத்தியாம்மா? என்ன படிச்சாலும் ஒரு விரல் மேலதான்!" என்றார். ககரத்தார் அனைவரும் கைதட்டினார்கள். நான்கடியிலிருந்து இறங்கியவர்களுக்கு அந்த ஒரு விரல் முன்னைவிட உயரமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

செயல் அலுவலர் தொண்டையைச் செருமினார். கூண்டு மாட்டும் தீர்மானத்தில் பீடத்தின் உயரம் குறிப்பிடப்படவில்லை என்றும், ஆகவே தீர்மானம் செல்லும் என்றும் அறிவித்தார். இருவர் டிராக்டரிலிருந்து சிறிய கூண்டைத் தூக்கிக்கொண்டு கயல்விழியை நோக்கி நடந்தார்கள். செண்பகவடிவு மேடையிலிருந்து இறங்க முயன்றாள், கூட்டம் வழிவிடவில்லை. ஒலிவாங்கி ஒன்றுதான் கையில் இருந்தது. பதினொரு ஆண்டுகளாக நூலகத்தில் அமைதி காக்கும்படி பிறரை அடக்கிய அந்தப் பெண், தன் வலிமை அனைத்தையும் திரட்டி, ஊரின் நான்கு மூலைகளிலும் கட்டிய குழாய்கள் அதிர,

"ஓடுடி!" என்றாள்.

கயல்விழி ஓடினாள்.

கல் வழக்கம்போல அவளுக்கு முன்னால் நகரப் பார்த்தது. ஆனால் நான்கடியிலிருந்து விழும் கால் தரையைத் தொடுவதற்குள் குறுக்கே வந்து நிற்க அதற்கு நேரம் இருந்தது. ஒரு விரல் உயரத்திலிருந்து இறங்கும் காலுக்கு முன்னால் எப்படி வந்து நிற்கும்? முதல் அடியில் பின்தங்கியது. இரண்டாம் அடியில் தடுமாறியது. திடலின் எல்லையில் இருக்கும் குழாயடியை அவள் கடந்தபோது, கல் பாதி வழியில் மூச்சிரைப்பது போல ஒருமுறை அரைபட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டது. கூண்டு தூக்கிய இருவரும் எதன்மேல் மாட்டுவது என்று தெரியாமல் செயல் அலுவலரைப் பார்த்தார்கள். செயல் அலுவலர் தீர்மானத்தைப் பார்த்தார்.

"ஏய் வள்ளி!" என்ற குரல் தொலைவில் கேட்டது. "வாடி, நீதான் பிடிக்கணும்!"

அந்தக் கல் இப்போது கிளை நூலகத்தின் வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. உள்ளே அலமாரியில் பதினொரு தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. பன்னிரண்டாவதன் இடத்தை, ஒரு நூலின் கனத்துக்கு, செண்பகவடிவு வெறுமையாக விட்டுவைத்திருக்கிறாள். பத்தாவது நினைவூட்டுக் கடிதத்துக்கு, விழா ஏற்பாட்டில் உள்ளதாக மறுமொழி வந்திருக்கிறது. கட்டைவிரல் அழுத்துவதற்குக் குழந்தைகளைக் கொண்டுவருவோர், எந்தத் தொகுதியில் அழுத்துவது என்று வாசலில் நின்று சண்டையிட்டுவிட்டு, பெரும்பாலும் அழுத்தாமலே திரும்பிப் போகிறார்கள்.

மற்றக் ககரத்தார் அதே ஒரு விரல் உயரத்தில், அவரவர் கூண்டுக்குள், அவரவர் பிறந்தநாளுக்குக் காத்து நிற்கிறார்கள். கமலவேணி மட்டும் மறுநாளே பால் வாங்கப் போகும் வழியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று கேள்வி. ஏனையோரும் கூண்டு வருவதற்கு முன்னால் இரண்டடி ஓடிப் பார்த்திருக்கலாம். கல் அவ்வளவு மெதுவானது. ஆனால் ஊர் பார்க்க ஓடுவது பெரியோருக்கு அழகாகுமா? கோவிந்தசாமி கம்பிகளுக்கு இடையே கையை நீட்டித் தேநீர் ஆற்றுகிறார். நுரை முன்போல் எழுவதில்லை. அதைக் குறித்து ஊரில் மிகுந்த வருத்தம் நிலவுகிறது.